ஒபாமாவின் முதல் பதவியேற்பு உரை ஏன் பலருக்கு ஏமாற்றமாக இருந்தது?

2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமா ஆற்றிய பதவியேற்பு உரையை நேரலையில் கேட்டவர்களுக்கு என்ன தோன்றியது, தேர்தல் மேடைகளில் அப்படி முழங்கியவர் அந்தப் பெரிய நாளில் ஏன் அடக்கி வாசித்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்போது வர்ஜீனியாவில் எச்1பி விசாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உரையை அன்று முழுதாகக் கேட்டேன், பிறகு பல முறை வாசித்தும் இருக்கிறேன். ஏமாற்றமடைந்தவர்கள் கவனித்தது சரிதான். கேட்டதும் உடம்பு சிலிர்க்கும் வரி அதில் இல்லை. ஆனால் அது எழுத வராமல் போனதால் இல்லை. கூட்டத்தைத் தூக்கி நிறுத்துவதைவிட, கூட்டத்தின் தோளில் பாரத்தை ஏற்றுவதுதான் அன்று தன் வேலை என்று அவர் முடிவு செய்திருந்தார். அதனால்தான் அந்த உரை கேட்டவரைப் பொறுத்து வேறு வேறு உரையாக மாறியது.

எதிர்பார்ப்பு எவ்வளவு இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2004இல் பாஸ்டனில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பேசிய ஒரே உரையால் நாடு முழுக்கத் தெரிந்தவர் அவர். 2008 ஜனவரியில் அயோவாவில் கட்சி வேட்பாளர் தேர்வில் வென்ற இரவு, நவம்பரில் அதிபர் தேர்தலில் வென்று சிகாகோ கிராண்ட் பார்க்கில் பேசிய இரவு, இவையெல்லாம் மக்கள் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தன. பதவியேற்புக்கு முந்தின நாள் மார்ட்டின் லூதர் கிங் நாள். 1963 ஆகஸ்டில் கிங் நின்று பேசிய லிங்கன் நினைவகம் அந்த நீண்ட புல்வெளியின் ஒரு முனையில், ஒபாமா நின்று பேசப்போகும் கேப்பிட்டல் கட்டடம் மறு முனையில். இடையில் ஏறக்குறைய 18 லட்சம் பேர். 1963இல் அதே மேடையில் பேசியவர்களில் உயிரோடிருந்த கடைசி மனிதரான ஜான் லூயிஸ் இங்கேயும் மேடையில் உட்கார்ந்திருந்தார். இவ்வளவும் கூடி வந்தால், இன்னொரு கிங் உரையைத்தான் மனம் கேட்கும்.

இன்னொரு பக்கம் பயம். லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. பதவியேற்புக்கு நான்கு நாள் முன்னால், ஜனவரி 16 அன்று, எங்கள் மாநிலத்துத் தலைநகரான ரிச்மண்டில் தலைமையகம் கொண்ட சர்க்யூட் சிட்டி என்ற எலெக்ட்ரானிக்ஸ் கடை நிறுவனம் தன் 567 கடைகளையும் மூடப்போவதாக அறிவித்தது. 34,000 பேருக்கு வேலை போயிற்று. நான் அமெரிக்கா வந்து முதல் டிவி வாங்கியது அந்தக் கடைகளில் ஒன்றில்தான். அந்த ஜனவரி மாதம் மட்டும் நாடு முழுவதும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். அப்போது எச்1பியில் இருந்தவனுக்கு லேஆஃப் என்றால் சம்பளம் மட்டும் போகாது, நாட்டில் இருக்கும் உரிமையும் சேர்ந்தே போகும். மதிய உணவு மேசையில் நாங்கள் தமிழில் பேசிக்கொண்டதெல்லாம் அதுதான்: யாருடைய ப்ராஜெக்ட் நின்றது, யார் வீட்டைக் காலி செய்கிறார், பிள்ளைகளின் பள்ளிக்கூட வருடம் முடியும்வரை தாக்குப்பிடிக்க முடியுமா.

அன்று வர்ஜீனியாவிலிருந்து நகருக்குள் போகும் பொடோமாக் பாலங்களில் தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை. அதனால் அலுவலகத்து மீட்டிங் அறையில் ப்ரொஜெக்டர் போட்டுப் பார்த்தோம். விழாவே கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் போயிற்று. சட்டப்படி பகல் 12 மணிக்குப் புதிய அதிபரின் பதவிக்காலம் தொடங்கிவிடும். 12 அடிக்கும்போது இசைக்கலைஞர்கள் யோ யோ மாவும் இட்சாக் பெர்ல்மனும் இன்னும் இருவரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆக, பிரமாணம் எடுக்காமலே, இசை கேட்டுக்கொண்டிருந்தபோதே ஒபாமா அதிபராகிவிட்டார். அப்புறம் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் பிரமாண வாசகத்தில் ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்ல, ஒபாமா திகைத்து நிற்க, மறுநாள் வெள்ளை மாளிகையில் மறுபடி ஒருமுறை பிரமாணம் செய்ய வேண்டியதாயிற்று. உரையின் தொடக்கத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. இதுவரை 44 அமெரிக்கர்கள் இந்தப் பிரமாணத்தை எடுத்திருக்கிறார்கள் என்றார். உண்மையில் 43 பேர். இடைவெளி விட்டு இரண்டு முறை அதிபரான குரோவர் கிளீவ்லாந்தை இரண்டு பேராக எண்ணினால்தான் 44 வரும்.

சரி, உரைக்கு வருவோம். இருபது நிமிடத்துக்கும் குறைவு. தேர்தல் முழுக்க ஒலித்த அந்த 'நம்மால் முடியும்' என்ற முழக்கம் ஒரு முறைகூட வரவில்லை. முதல் சில வாக்கியங்களிலேயே அவர் நெருக்கடியைப் பட்டியல் போட்டார்: வீடுகள் போயின, வேலைகள் போயின, தொழில்கள் மூடின, மருத்துவச் செலவு தாங்க முடியவில்லை, பள்ளிக்கூடங்கள் தோற்கின்றன. இதற்குச் சிலருடைய பேராசை காரணம் என்றார். அத்தோடு விடாமல், கடினமான முடிவுகளை எடுக்கத் தவறிய நம் எல்லோருக்கும் அதில் பங்குண்டு என்றார். அப்புறம் விவிலியத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, சிறுபிள்ளைத்தனத்தை விட்டுவிடும் நேரம் வந்துவிட்டது என்றார். கடுங்குளிரில் விடிகாலையிலிருந்து நின்றுகொண்டிருந்த கூட்டத்திடம், கொண்டாட வந்தவர்களிடம், இப்படிப் பேசினால் கைதட்டு எப்படி வரும்? வரவில்லை. அந்த இடத்தில் கூட்டம் மௌனமாகிவிட்டது.

எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். வங்கிக்காரர்கள்மேல் மட்டும் பழியைப் போட்டிருந்தால் 18 லட்சம் பேரும் ஆர்ப்பரித்திருப்பார்கள். அது உண்மைக்கு வெகு தூரமும் இல்லை. ஆனால் எங்கள் தெருவிலேயே, வருமானத்தைச் சரிபார்க்காமல் கொடுத்த கடனில், மூன்று வருடத்தில் விலை இரட்டிப்பாகும் என்று நம்பி வீடு வாங்கியவர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த இதை, ஓட்டு வாங்கி ஜெயித்த ஒருவர் முதல் நாளே மக்கள் முகத்துக்கு நேரே சொல்வது அபூர்வம். அதே உரையில் இன்னொரு வாக்கியம். நண்பன் வேலையிழப்பதைப் பார்ப்பதைவிடத் தன் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் தொழிலாளியின் தன்னலமின்மைதான் நம்மைக் கரைசேர்க்கும் என்றார். அதைக் கேட்டதும் எங்கள் அறையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் குழுவில் யாரையும் அனுப்பாமல் எல்லோருமாகச் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமா என்ற பேச்சு அந்த வாரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகைகள் அந்த வாக்கியத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு முழு உரையிலும் மனதில் தங்கியது அதுதான்.

பங்குச் சந்தைக்கும் அது பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வங்கிப் பங்குகள் சரிந்து, டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் அன்று 332 புள்ளி இறங்கி 8,000க்குக் கீழே போய் முடிந்தது.

எல்லோரும் மேற்கோள் காட்டுகிற வரி, உணவகம் பற்றியது. அறுபது ஆண்டுகளுக்குக் குறைவான காலத்துக்கு முன்னால் இந்த ஊர் உணவகத்தில் சாப்பாடு போட மறுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒருவரின் மகன் இன்று உங்கள் முன் நின்று இந்தப் புனிதமான பிரமாணத்தை எடுக்க முடிகிறது என்றார். தமிழ் வாசகருக்கு இந்த வரியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு திட்டவட்டமான கதை உண்டு. 1950இல் மேரி சர்ச் டெரெல் என்ற, எண்பது வயது கடந்த கறுப்பினப் போராளி, கேப்பிட்டலிலிருந்து அதிகத் தொலைவில்லாத 14ஆம் தெருவில் தாம்சன்ஸ் என்ற உணவகத்துக்குள் சிலரோடு நுழைந்தார். சாப்பாடு மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1953இல்தான், வாஷிங்டனில் நிற வேற்றுமை பாராமல் எல்லோருக்கும் பரிமாறியாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஒபாமாவின் அப்பா கென்யாவிலிருந்து அமெரிக்கா வந்தது 1959இல், அதுவும் ஹவாய்க்கு. ஆகவே அந்த வரி அவர் அப்பாவின் சொந்த அனுபவத்தைச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நிறத்தில் பிறந்த எந்த அப்பாவுக்கும் இந்த ஊரில் அன்று இதுதான் நிலைமை என்று சொல்கிறது.

எங்களோடு பார்த்துக்கொண்டிருந்தவர்களில் கணக்குப் பிரிவைச் சேர்ந்த ஒரு கறுப்பினப் பெண்மணி, அறுபதை நெருங்கியவர், அதுவரை கைதட்டவேயில்லை. பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வரி வந்ததும் பக்கத்தில் இருந்த என்னிடம் திரும்பினார். சின்ன வயதில் அம்மாவோடு நகருக்குத் துணி வாங்கப் போனால் வறுத்த கோழியை மெழுகுத்தாளில் சுற்றிக் கொண்டுபோவார்களாம், எங்கே உட்காரவிடுவார்கள் என்று தெரியாது என்பதால். இதைச் சொல்லிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். உரை முடிந்தபின் நன்றாக இருந்ததா என்று கேட்டேன். உரை எப்படி இருந்தால் என்ன, அவர் அங்கே நின்றார், வெயிலில் அவர் பெண்டாட்டி பிள்ளைகள் நின்றார்கள், அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார். ஏமாற்றம் என்று எழுதிய பத்தி எழுத்தாளர்கள் யாரும் இவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடிமைமுறை பற்றி அவர் ஒரே ஒரு வாக்கியத்தில்தான் பேசினார் என்பதையும் கவனிக்க வேண்டும். தொழிற்கூடங்களில் உழைத்தவர்கள், மேற்கில் குடியேறியவர்கள், சாட்டையடி வாங்கிக் கடினமான மண்ணை உழுதவர்கள் என்று எல்லோரையும் ஒரே மூச்சில் சேர்த்து, நமக்காகத்தான் அவர்கள் அப்படி உழைத்தார்கள் என்றார். விரும்பிக் குடியேறியவனையும் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவனையும் ஒரே வாக்கியத்தில் வைக்கலாமா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. எனக்கும் அந்த இடம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. அடிமைகளின் உழைப்பும் சேர்ந்து எழுப்பிய கட்டடத்தின் வாசலில் நின்றுகொண்டு இன்னும் ஒரு நிமிடம் அதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

எங்கள் அப்பா அப்போது தஞ்சாவூரில் இருந்தார். வாஷிங்டனில் பகல் 12 என்றால் அங்கே இரவு பத்தரை. ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிற மனிதர், விழித்திருந்து முழுதும் பார்த்திருக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கடவுள் மறுப்பாளர், எங்கள் கல்யாணங்களையெல்லாம் சுயமரியாதை முறையில் நடத்தியவர். கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், யூதர்கள், இந்துக்கள், மத நம்பிக்கையற்றவர்கள் எல்லோரும் சேர்ந்த நாடு இது என்று ஒபாமா சொன்னாரே, அதற்காகவே போன் செய்தார். "தம்பி, நம்மளயும் சேத்துல்ல சொன்னாரு!" என்று இரண்டு முறை சொன்னார். பைபிளில் கைவைத்துப் பிரமாணம் எடுக்கும் நாட்டில், அதுவும் லிங்கன் பயன்படுத்திய அதே பைபிளில் கைவைத்த சில நிமிடத்தில், நம்பிக்கையில்லாதவர்களையும் நாட்டின் பங்காளிகளாகச் சொன்னது அவருக்குப் பெரிய விஷயம். அங்கேயும் அது பேசப்பட்டது. பாராட்டியவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. என் வீட்டில் மனைவி சாமி கும்பிடுவாள், நான் கும்பிடுவதில்லை. ஆக, அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் இருவருக்குமே இடமிருந்தது.

வெளிநாடுகளுக்காகச் சொன்ன பகுதிதான் உரையிலேயே கூர்மையானது. முஸ்லிம் உலகத்திடம், பரஸ்பர நலனும் மரியாதையும் அடிப்படையான புதிய வழி தேடுகிறோம் என்றார். ஊழலாலும் வஞ்சகத்தாலும் எதிர்க்குரலை ஒடுக்குவதாலும் பதவியைப் பற்றிக்கொண்டிருப்பவர்களிடம், நீங்கள் வரலாற்றின் தவறான பக்கத்தில் நிற்கிறீர்கள், ஆனால் இறுக்கிய முஷ்டியைத் தளர்த்தினால் நாங்கள் கை நீட்டுவோம் என்றார். ஈரானுக்கான சொல் இது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். சீனாவிலும் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். முந்தைய தலைமுறைகள் பாசிசத்தையும் கம்யூனிசத்தையும் எதிர்த்து நின்றன என்று அவர் சொன்ன இடத்தில் சீன அரசுத் தொலைக்காட்சி நேரலையைச் சட்டென்று துண்டித்து, ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் பொருளாதாரம் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டது. எதிர்க்குரலை ஒடுக்குவது பற்றிய வரி சீன மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் காணாமலே போயிற்று.

அந்த வரியை வேறு மாதிரிக் கேட்டவர்களும் இருந்தார்கள். அன்று மாலை டொரண்டோவிலிருந்து என் நண்பர் அழைத்தார், யாழ்ப்பாணத்துக்காரர், என்னோடு படித்தவர். அது 2009 ஜனவரி. கிளிநொச்சி அந்த மாதத் தொடக்கத்தில் விழுந்துவிட்டது. பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க ஜனவரி 8 அன்று கொழும்பில் பட்டப்பகலில் கொல்லப்பட்டிருந்தார். நண்பரின் பெரியம்மா குடும்பம் வன்னிக்குள் இருந்தது. "மச்சான், அந்தக் கதை கேட்டனியே? எதிர்க்குரலை நசுக்கிறவை எண்டு சொன்னவர். அது ஆருக்குச் சொன்னது எண்டு நினைக்கிறாய்?" என்றார். அவர் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. இலங்கையை மனதில் வைத்து அந்த வரி எழுதப்பட்டிருக்காது என்று நான் நினைத்தேன், ஆனால் சொல்லவில்லை. ஒரு சொல்லாவது எங்கள் பக்கம் திரும்பாதா என்று தவிக்கும் வீட்டில், பொதுவாகச் சொல்லப்பட்ட வாக்கியமும் சொந்தச் செய்தியாகத்தான் போய்ச் சேரும். அதே வாரத்தில் வன்னியில் முதல் பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. அங்கே போனவர்கள்மேலும் குண்டு விழுந்தது. ஒபாமா இலங்கை பற்றி வெள்ளை மாளிகையில் செய்தியாளர்கள் முன் பேசியது மே 13 அன்று. மருத்துவமனைகள்மேலும் விழும் கண்மூடித்தனமான ஷெல் வீச்சை அரசு நிறுத்த வேண்டும், புலிகள் ஆயுதங்களைக் கீழே வைத்து மக்களை வெளியேற விட வேண்டும் என்றார். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜனவரி வரியை அந்த நண்பர் அதற்குப்பிறகு என்னிடம் பேசியதேயில்லை.

நான் அன்று மிகவும் நம்பிய வாக்கியம் வேறு. நம் பாதுகாப்பா, நம் இலட்சியங்களா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே பொய்யான கேள்வி, அதை நிராகரிக்கிறோம் என்றார். சில அடி தூரத்தில் ஜார்ஜ் புஷ் உட்கார்ந்திருந்தார். உரையின் தொடக்கத்தில் அவருக்குப் பெயர் சொல்லி நன்றி தெரிவித்தவர், இங்கே பெயர் சொல்லாமலே அவர் ஆட்சியின் அடிப்படையை மறுத்தார். கியூபாவிலுள்ள குவாண்டனாமோ அமெரிக்கச் சிறையும் சித்திரவதையும் பற்றித்தான் பேச்சு என்று எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு நாளில், ஜனவரி 22 அன்று, குவாண்டனாமோவை ஓராண்டுக்குள் மூடும் உத்தரவில் கையெழுத்தும் போட்டார். அதற்கு மறுநாள் பாகிஸ்தானின் வசீரிஸ்தானில் அவர் ஆட்சியின் முதல் ட்ரோன் தாக்குதல்கள் நடந்தன. பொதுமக்களும் செத்தார்கள். அவர் பதவியேற்றபோது குவாண்டனாமோவில் சுமார் 240 கைதிகள். எட்டு ஆண்டு கழித்து 2017 ஜனவரியில் அவர் பதவியிலிருந்து இறங்கியபோதும் 41 பேர் அங்கேயே இருந்தார்கள். காங்கிரஸ் தடுத்தது உண்மை. கைதிகளை அமெரிக்க மண்ணுக்குக் கொண்டுவரப் பணம் ஒதுக்க மறுத்தார்கள். ஆனால் ட்ரோன்களை யாரும் அவர்மேல் திணிக்கவில்லை. அந்த வாக்கியத்தை இன்று வாசித்தால் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காவிட்டால் அவரிடம் அதைக் கேட்டிருக்கவும் மாட்டோம்.

உரை முடிந்த விதம் பலருக்குச் சப்பென்றிருந்ததாகச் சொன்னார்கள். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனி உறைந்த ஆற்றங்கரையில் தோல்வியின் விளிம்பில் நின்ற படைவீரர்களுக்கு ஜார்ஜ் வாஷிங்டன் வாசித்துக்காட்டச் சொன்ன வார்த்தைகளை எடுத்துச் சொல்லி முடித்தார். அவை அந்தக் கால எழுத்தாளர் தாமஸ் பெய்ன் எழுதியவை, பெயரைச் சொல்லவில்லை. அன்று வாஷிங்டன் நகரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி. நடுங்கிக்கொண்டு நின்றவர்களிடம், இதைவிட மோசமான குளிரில் இதைவிடக் குறைந்த நம்பிக்கையோடு நின்றவர்கள் இருந்தார்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். கென்னடி 1961இல் தன் பதவியேற்பு உரையில் தந்த மாதிரி ஃபிரேம் போட்டு மாட்டும் வாசகம் ஒன்றைக் கையில் கொடுக்கவில்லை. ஆனால் மக்கள் வேலையிழந்துகொண்டிருந்த ஜனவரியில் பளபளப்பான வாசகம் எவ்வளவு தூரம் ஒட்டியிருக்கும்?

வேலையின்மை அதற்குப்பிறகும் ஏறி, அந்த அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும் என்று அன்று அவர் முழங்கியிருந்தால், அந்த அக்டோபரில் அந்த ஒளிப்பதிவைத்தான் போட்டுப் போட்டு அடித்திருப்பார்கள். அவரோ சவால்கள் பல, சீக்கிரத்தில் தீராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அவரிடமிருந்து பெரிய உரை கேட்க வேண்டும் என்றால் 2013 ஜனவரியில் ஆற்றிய இரண்டாவது பதவியேற்பு உரையைத் தேடிப் பாருங்கள். பெண்ணுரிமைக்கு செனெகா ஃபால்ஸ், கறுப்பினத்தவர் வாக்குரிமைக்கு செல்மா, ஒருபாலின உறவாளர்களின் உரிமைக்கு ஸ்டோன்வால் என்று மூன்று இடப் பெயர்களை ஒரே வாக்கியத்தில் அடுக்கி அவர் பேசுவது கேட்கவே உற்சாகமாக இருக்கும். மேடைப்பேச்சாக அதுதான் மேல். 2009 உரையைக் கேட்பதைவிட வாசிப்பது நல்லது, அதுவும் நிறுத்தி நிறுத்தி. கைதட்டல் வராத இடங்களைக் குறித்துக்கொண்டே போங்கள். அவர் உண்மையில் சொல்ல வந்தது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.